பொங்கல் லீவில் பனிச்சறுக்கா? தருமபுரியிலிருந்து கிளம்பும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

தருமபுரி பைபாஸில் தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு இரண்டு முனைகள். தெற்கே கன்னியாகுமரி. வடக்கே ஓசூர், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், டெல்லி, ஜம்மு என்று விடாமல் போனால் ஸ்ரீநகர். அங்கிருந்து இன்னும் 50 கி.மீ. மேலே ஏறினால் குல்மார்க். பனிச்சறுக்குக்கு இந்தியாவில் முதலில் சொல்லப்படும் ஊர் அதுதான்.

ஊரில் வீடு, ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை என்று இருக்கும் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் டிசம்பர் வந்தாலே குல்மார்க் ரீல்ஸ் சுற்ற ஆரம்பித்துவிடும். “மச்சி, இந்த வருஷம் போயே ஆகணும்” என்று ஒருவர் ஆரம்பிப்பார். யாராவது ஒரு டூர் பேக்கேஜ் லிங்க் போடுவார். 4 நாள், 3 இரவு, ‘ஸ்கீயிங் உட்பட’ என்று இருக்கும். அந்த ‘உட்பட’ என்ற வார்த்தையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பெரும்பாலும் அதன் பொருள், காலில் பலகையை மாட்டி, ஒருவர் கையைப் பிடித்து அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ நடத்திக் கூட்டிப் போவது. போட்டோ வரும், பனிச்சறுக்கு வராது. ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைச் செலவு செய்துவிட்டு, விழுந்து எழுந்த நினைவோடு மட்டும் திரும்பியவர்கள் நிறைய.

பனிச்சறுக்கு, நீச்சல் மாதிரி. ஒரு மணி நேரத்தில் யாருக்கும் வராது. முதல் நாள் முழுக்க அந்தக் கனமான பூட்ஸில் நடக்கவும், விழுந்தால் எழவும், பக்கவாட்டில் படியேறவும் பழகுவதிலேயே போய்விடும். இரண்டாம் நாள் பிரேக் போடப் பழகலாம். பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். இதற்குப் பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘பீட்சா’, பீட்சா துண்டின் வடிவம் என்பதால். மூன்றாம் நாள் திரும்பப் பழகி, நான்காம் ஐந்தாம் நாளில்தான் “அட, வருதே!” என்று தோன்றும். ஆக, பனியில் 5 நாள் கிடைக்கும்படி திட்டமிட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. முடியாது என்றால் காஷ்மீரைச் சுற்றிப் பார்க்கப் போகலாம், அது தனி சுகம். ஸ்கீயிங் என்று சொல்லிக்கொண்டு தனியாகச் செலவு செய்ய வேண்டாம்.

பொங்கல் லீவு சரிப்படுமா?

லீவு கிடைப்பது பொங்கலுக்கு. பனி அந்த நேரத்தில் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. டிசம்பர் 21 முதல் 40 நாள் காஷ்மீரில் ‘சில்லே கலான்’ என்று சொல்லப்படும் கடுங்குளிர் காலம். வழக்கமாகப் பனி கொட்ட வேண்டிய காலம் அது. ஆனால் 2024 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், குல்மார்க்கில் காய்ந்து பழுப்பேறிய புல்தான் கிடந்தது. அந்தப் படங்கள் நாடு முழுக்கப் பேசப்பட்டன. பிப்ரவரியில் பனி வந்த பிறகு, அதே குல்மார்க்கில் பிப்ரவரி 21 முதல் 25 வரை கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடந்தன. அடுத்த ஆண்டு, 2025-ல், பிப்ரவரி கடைசியில் வைத்திருந்த அதே போட்டிகளைப் பனி போதவில்லை என்று தள்ளிவைத்து, மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள். தேசிய அளவிலான போட்டிக்கே தேதி மாறுகிறது என்றால், லீவு லெட்டர் கொடுத்துவிட்டுப் போகிறவர்களின் நிலை எம்மாத்திரம்!

இதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டு மழைக்கு வங்கக் கடல் எப்படியோ, இமயமலைப் பனிக்கு மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து வரும் ‘மேற்கத்திய இடையூறு’ எனும் காற்றழுத்த அலைகள் அப்படி. அவை அடுத்தடுத்து வந்தால் பனி குவியும். வராமல் போனால், எவ்வளவு குளிர் அடித்தாலும் தரை வெறுமையாகவே கிடக்கும். மழைக்காகக் காத்திருந்து பழகிய தருமபுரிக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாகக் கற்கப் போகிறவர்களுக்குப் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்து மார்ச் முதல் வாரம் வரையிலான காலம்தான் ஓரளவு நம்பக்கூடியது. ஜனவரியைவிடக் குளிரும் கொஞ்சம் தணிந்திருக்கும், பகல் நீளமாக இருக்கும். பொங்கல் லீவை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, பிப்ரவரியில் 5 நாள் லீவுக்கு இப்போதே மேனேஜரிடம் பேசிவைப்பது நல்லது. விமான டிக்கெட் எடுக்கும்போது தேதி மாற்றும் வசதிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பணம் கேட்பார்கள். மற்ற பயணங்களுக்கு அது வீண்செலவாகத் தோன்றலாம், இந்தப் பயணத்துக்குக் கட்டாயம். ஓட்டல் அறையும் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும். கிளம்புவதற்கு 10 நாள் முன்பு ஸ்ரீநகர் வானிலை மையத்தின் முன்னறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யலாம்.

பனி அதிகமானாலும் சிக்கல்தான். ஸ்ரீநகரில் விமானங்கள் ரத்தாகும், குல்மார்க் சாலை மூடப்படும். திரும்பி வந்து மறுநாளே ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளாமல், ஒரு நாள் கையிருப்பில் இருப்பது நல்லது.

குல்மார்க்கா, அவுலியா, மணாலியா?

குல்மார்க்கின் தரைமட்டமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதாவது, தமிழ்நாட்டின் உச்சியில் ஏறி நின்றால் எந்த உயரமோ, அங்கே ஓட்டல் வாசலே அந்த உயரம். 1948-ல் ராணுவம் இங்கே தொடங்கிய பனிச்சறுக்குப் பள்ளிதான் பின்னாளில் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்ட ஆரிஃப் கான் சறுக்கிப் பழகியதும் இந்தச் சரிவுகளில்தான். கோடையில் கோல்ஃப் மைதானமாக இருக்கும் பரந்த மேடு, குளிர்காலத்தில் புதியவர்களின் பயிற்சிக் களமாகிவிடும். சின்னச் சின்ன இழுவை லிஃப்டுகள் உண்டு. சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றக் கழகமும் இங்கேதான் இருக்கிறது. முறையான வகுப்பு வேண்டும் என்றால் முதலில் அங்கே இடம் கிடைக்குமா என்று பார்க்கலாம். சீசன் தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

உத்தராகண்டின் அவுலி அழகில் எந்த வகையிலும் குறைந்ததில்லை. எதிரே நந்தாதேவி தெரியும். கார்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனம் தங்குமிடம், சாப்பாடு, உபகரணம், பயிற்சி எல்லாம் சேர்த்து 7 நாள், 14 நாள் வகுப்புகளை நடத்தி வந்திருக்கிறது. பட்ஜெட்டுக்கு அடங்கும் ஏற்பாடு. ஆனால் ரிஷிகேஷிலிருந்து மலைப்பாதையில் சுமார் 250 கி.மீ. போக வேண்டும், ஒரு முழுப் பகல் காரிலேயே போய்விடும். 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரில் நிலம் உள்வாங்கி, வீடுகள் விரிசல் விட்டபோது, அங்கிருந்து அவுலிக்குப் போகும் ரோப்கார் நிறுத்தப்பட்டது. அதை நம்பித் திட்டம் போடாமல் சாலை வழியையே கணக்கில் எடுப்பது பாதுகாப்பு. அதே 2023-ல் பனி இல்லாததால் அங்கே நடக்கவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுகள் ரத்தாயின.

மணாலி பக்கம் சோலாங் பள்ளத்தாக்கு கூட்டத்துக்குப் பேர்போனது. ஹனிமூன் ஜோடிகள், டயர் ட்யூபில் சறுக்குகிறவர்கள், பாராகிளைடிங் என்று திருவிழா மாதிரி இருக்கும். அமைதியாகக் கற்க நினைப்பவர்களுக்கு அவ்வளவாகச் செட்டாகாது. மணாலியில் உள்ள அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்றக் கழகத்தின் வகுப்பில் சேர முடிந்தால் கதை வேறு, அது உருப்படியான பயிற்சி.

வெளிநாடு என்றதும் சுவிட்சர்லாந்துக்கு ஓடும் மனசை, கஜகஸ்தான் பக்கம் கொஞ்சம் திருப்பலாம். இந்தியர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்பது 2022-ல் நடைமுறைக்கு வந்தது. டெல்லியிலிருந்து அல்மாட்டிக்கு நேரடி விமானம் இருக்கிறது. நகரிலிருந்து 25 கி.மீ. தூரத்தில் ஷிம்புலாக். 2,260 மீட்டரில் தொடங்கி சுமார் 3,200 மீட்டர் வரை கேபிள் கார் போகிறது. குல்மார்க் செலவோடு இன்னும் ஒரு பங்கு சேர்த்தால் முடியும் விஷயம். துபாயில் அண்ணனோ மாமாவோ இருந்தால், மால் ஆஃப் தி எமிரேட்ஸுக்குள் 2005 முதல் இருக்கும் ஸ்கீ துபாயில் இரண்டு மூன்று வகுப்பு எடுத்துப் பார்க்கலாம். கூரைக்குள் இருக்கும் செயற்கைப் பனிதான், அதிகபட்சச் சரிவு 400 மீட்டர்தான். ஆனால் இது நமக்குப் பிடிக்குமா, முட்டி தாங்குமா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

சரி, எவ்வளவு ஆகும்?

இருவர் சேர்ந்து போகிறார்கள், குல்மார்க்கில் 5 இரவு, ஸ்ரீநகரில் 1 இரவு என்று வைத்துக்கொள்வோம். ரேட் வாரத்துக்கு வாரம் மாறும். இது கையில் எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான உத்தேசக் கணக்கு மட்டுமே.

தருமபுரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் போய்வர பஸ் செலவு ரூ.1,000. இரண்டு மாதம் முன்பே எடுத்தால் ஸ்ரீநகருக்குப் போய்வர விமானக் கட்டணம் ரூ.17,000 என்று வைக்கலாம். கடைசி நேரத்தில் இது சர்வசாதாரணமாக ஒன்றரை மடங்காகும். ஸ்ரீநகர்–குல்மார்க் டாக்ஸி இருபுறமும், ஆளுக்கு ரூ.3,000. பனி கொட்டியிருந்தால் டங்மார்க்கில் இறங்கி, சக்கரத்தில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டியிருக்கும். அதற்குத் தனிக் காசு, அதுவும் இந்த ரூ.3,000-க்குள் வந்துவிட்டால் அதிர்ஷ்டம். ஹீட்டர் உள்ள சுமாரான அறை, ஆள் பங்கு இரவுக்கு ரூ.2,500 வீதம் குல்மார்க்கில் ரூ.12,500, ஸ்ரீநகரில் ரூ.1,500. சாப்பாடு ரூ.6,000. இதுவரை ரூ.41,000 ஆகிவிட்டது, இன்னும் பனியில் காலே வைக்கவில்லை.

பூட்ஸ், பலகை, கம்பு சேர்ந்த செட் வாடகை 5 நாளைக்கு ரூ.5,000. பயிற்சியாளர் ஒருவரை இருவரும் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ரூ.5,000. லிஃப்ட், ஒருமுறை கோண்டோலா என்று ரூ.3,000. கையுறை, கண்ணாடி, தெர்மல் வாங்க ரூ.5,000. ஆக மொத்தம் ரூ.59,000.

வீட்டில் சொன்னால், “பனியில சறுக்கறதுக்கு இவ்ளோ காசா? அதுக்கு ஒரு பவுன்லயே பாதி வாங்கிடலாமே” என்பார்கள். தங்கம் விற்கிற விலையில் பாதி கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

கணக்கைத் திரும்பப் பார்த்தால் ஒன்று புரியும். பயிற்சியாளருக்குப் போகும் பணம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எல்லோரும் முதலில் கை வைப்பதும் அதில்தான். “யூடியூப்ல பார்த்துட்டோம், முதல் நாள் மட்டும் மாஸ்டர் போதும்” என்று பேரம் பேசி ரூ.4,000 மிச்சம் பிடிப்பார்கள். மற்ற ரூ.55,000-மும் அதனால் பாழாகிறது. குறைக்க வேண்டும் என்றால் அறையில் குறைக்கலாம். டங்மார்க்கில் தங்கினால் வாடகை குறையும், தினமும் 13 கி.மீ. ஏறி இறங்க வேண்டும். சாலை மூடினால் அன்றைய வகுப்பு போச்சு என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

லீவு அதிகம் உள்ளவர்களுக்கு இப்போது ரயிலும் ஒரு வழி. கன்னியாகுமரியிலிருந்து வைஷ்ணோதேவி கட்ரா போகும் வாராந்திர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகத்தான் போகிறது. சுமார் இரண்டரை நாள். கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் 6-ல் தொடங்கிய வந்தே பாரத், செனாப் பாலத்தைக் கடந்து 3 மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. மூன்றடுக்கு ஏ.சி.யில் போனாலும் விமானக் கட்டணத்தில் பாதியைத் தாண்டாது. என்ன, போகவர ஒரு வாரம் ரயிலிலேயே கழியும்.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

ஸ்கீ பலகையை வாங்கவே கூடாது. முதல் பயணத்துக்கு ஏற்ற பலகை அடுத்த பயணத்துக்குப் பொருந்தாது. விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோகிற பாடு வேறு. குல்மார்க்கில் அரசுக் கடையும் தனியார் கடைகளும் வாடகைக்குத் தருகின்றன. புதியவர்களுக்குப் பலகையை நிறுத்திப் பார்த்தால் தாடை உயரம் போதும். நீளம் கூடக்கூட வேகம் கூடும், திருப்புவது கஷ்டமாகும்.

பூட்ஸில்தான் நேரம் செலவிட வேண்டும். கடைக்காரர் அவசரப்படுத்துவார், அசையக் கூடாது. நேராக நின்றால் கட்டைவிரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கினால் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் அடுத்த சைஸ் சின்னது கேட்க வேண்டும். குளிருகிறதே என்று இரண்டு மூன்று சாக்ஸ் போட்டுக்கொள்வது நம்மூர்ப் பழக்கம். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் அதிகமாகக் குளிரும். முட்டி வரை வரும் கம்பளி சாக்ஸ் ஒன்றே போதும்.

பூட்ஸையும் பலகையையும் இணைக்கும் பூட்டுக்கு ‘பைண்டிங்’ என்று பெயர். விழும்போது அது தானாகக் கழன்றுகொண்டால்தான் முட்டி தப்பிக்கும். எந்த அளவு அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, அனுபவம் பார்த்து ஒரு எண்ணில் வைப்பார்கள். அதை ‘டின்’ எண் என்பார்கள். இங்கே எடையைக் குறைத்துச் சொல்வதும், “எனக்குக் கொஞ்சம் வரும்” என்று பந்தா காட்டுவதும் ஆபத்து. கடைக்காரர் எடையைக் கேட்கவே இல்லை என்றால் வேறு கடைக்குப் போய்விடலாம்.

ஹெல்மெட்டை வாடகைக்கு எடுக்கலாம். சொந்தமாக வாங்க வேண்டியவை நீர்புகாத கையுறை, ஸ்கீ கண்ணாடி, தெர்மல் உள்ளாடை. பெங்களூரு டெக்கத்லான் போன்ற கடைகளில் இவை கிடைக்கும். சாதாரண கூலிங்கிளாஸ் போதாது. வெள்ளைப் பனியில் பட்டுத் திரும்பும் வெயில் சில மணி நேரத்திலேயே கண்ணைப் பதம் பார்த்துவிடும். சன்ஸ்கிரீனும் அவசியம், தாடைக்குக் கீழேயும் தடவ வேண்டும்.

உடையில் பருத்திக்கு இடமில்லை. உள்ளே போடும் காட்டன் பனியன் வியர்வையில் நனைந்தால் காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் அதைவிட மோசம். தெர்மல், அதற்கு மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். மேலடுக்கை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். டங்மார்க்கில் இறங்கியதுமே கம்பூட், ஓவர்கோட் வாடகைக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவை சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கானவை. ஸ்கீ கற்கப் போகிறவருக்கு அந்தக் கம்பூட்டால் ஒரு பயனும் இல்லை.

கோண்டோலாவில் உச்சிக்குப் போகலாமா?

குல்மார்க் கோண்டோலாவுக்கு இரண்டு கட்டங்கள். முதல் கட்டம் சுமார் 3,100 மீட்டரில் உள்ள கோங்டூரி வரை. இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையின் தோள் வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர். டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். வேடிக்கை பார்க்க மேலே போய் அதே பெட்டியில் இறங்குவதில் தப்பில்லை. போய்ச் சேர்ந்த முதல் நாளே வேண்டாம், தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். மேலிருந்து சறுக்கி இறங்கும் எண்ணம் மட்டும் முதல் பயணத்தில் கூடாது. ரீல்ஸில் மாவு மாதிரி பனி பறக்கிறதே, அது அங்கேதான். பனிச்சரிவுகள் நடப்பதும் அங்கேதான். 2023 பிப்ரவரி 1-ல் அஃபர்வத்தில் பனிச்சரிவில் சிக்கி போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரி 22-ல் ரஷ்யர் ஒருவர் இறந்தார், கீழே கேலோ இந்தியா போட்டிகள் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில். இவர்கள் ஸ்கீயிங் தெரியாதவர்கள் இல்லை.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சாகச விளையாட்டில் அடிபட்டால் மெடிக்கிளெய்ம் கிடைக்காது என்பார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்கு வாசகம், அவற்றில் ‘தொழில்முறையாக’ ஈடுபடுகிறவர்களைத்தான் குறிப்பிடுகிறது. பொழுதுபோக்குக்காகப் போகிறவர் அதில் வர மாட்டார். ஆனாலும் ஆபீஸ் குரூப் பாலிசிகளும் பயணக் காப்பீடுகளும் தனி நிபந்தனை வைத்திருக்கலாம். எச்.ஆரிடம் இமெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். 2025 ஏப்ரலில் நடந்த பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் சில காலம் மூடப்பட்டன. அதனால் புறப்படும் வாரத்தில் அரசின் அறிவிப்புகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடம்பைத் தயார் செய்ய ஜிம்மே வேண்டும் என்றில்லை. சறுக்கும்போது முட்டி மடங்கியபடியே இருக்கும், பாரம் முழுக்கத் தொடையில் இறங்கும். படியேறுவதைவிட இறங்குவதுதான் இதற்கு நெருக்கமான பயிற்சி. அரூர் பக்கம் தீர்த்தமலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறி, நிதானமாக, முட்டியில் பாரம் தாங்கி இறங்கிப் பழகலாம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்காருவது போல ஒரு நிமிடம் நிற்பது இன்னொன்று. ஆறு வாரம் இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் வித்தியாசம் மூன்றாம் நாள் காலையில் தெரிந்துவிடும். ஒருவர் பூட்ஸ் மாட்டுவார், இன்னொருவர் கட்டிலிலிருந்து எழவே மாட்டார்.

கடைசியாக ஒன்று, பலரும் ஸ்ரீநகரில் இறங்கிய பிறகே கண்டுபிடிப்பது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் எடுக்கும். கோண்டோலா டிக்கெட், ஓட்டல் முன்பதிவு, யுபிஐ எல்லாமே போனுக்குள் இருக்கும்போது இது சின்ன விஷயமாக இருக்காது. நம்பரை போஸ்ட்பெய்டுக்கு மாற்ற சில நாள் பிடிக்கலாம், எனவே தருமபுரியிலிருந்து கிளம்பும் முந்தின வாரமே அதை முடித்துவிட வேண்டும். இருவரில் ஒருவராவது.